மேட்டில் லாரி திணறுகிறதா? டீசல் லிஃப்ட் பம்பைச் சோதிப்பது எப்படி

"வண்டி இழுக்க மாட்டேங்குது அண்ணே. சமதரையில நல்லா ஓடுது. மேடு வந்தா செத்துப்போகுது."

பழைய டீசல் லாரி ஓட்டும் பலர் பட்டறையில் சொல்லும் புகார் இது. பெரும்பாலும் வரும் முதல் பதில்: "இஞ்ஜெக்‌ஷன் பம்ப் போயிருக்கும். கழற்றிப் பார்க்கணும்."

அந்தப் பதில் சரியாகவும் இருக்கலாம். ஆனால் இஞ்ஜெக்‌ஷன் பம்ப்தான் டீசல் என்ஜினில் பழுதுபார்க்க மிக அதிகம் செலவாகும் பாகங்களில் ஒன்று. அதைக் கழற்றுவதற்கு முன்னால், அதன் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு சிறிய பம்பைப் பார்த்தாக வேண்டும். அதுதான் லிஃப்ட் பம்ப். நம்மூர்ப் பட்டறைகளில் ஃபீட் பம்ப் என்றும் சொல்வார்கள்.

அது என்ன வேலை செய்கிறது? கெட்டுப்போனால் எப்படித் தெரியும்? எந்த வரிசையில் சோதிக்க வேண்டும்? விளக்கமாகப் பார்க்கலாம்.

எந்த லாரிகளில் இது இருக்கும்?

இன்றைய புதிய லாரிகளில் காமன் ரெயில் முறை வந்துவிட்டது. கணினிதான் டீசலின் அளவைத் தீர்மானிக்கிறது. ஆனால் மலேசியச் சாலைகளிலும் செம்பனைத் தோட்டங்களிலும் கட்டுமானத் தளங்களிலும் பழைய இயந்திர வகை என்ஜின்கள் இன்னும் உழைத்துக்கொண்டுதான் இருக்கின்றன. மிட்சுபிஷி ஃபுசோ கேன்டரின் பழைய 4டி33, 4டி34 என்ஜின்கள் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

இவற்றில் இருப்பது இன்லைன் இஞ்ஜெக்‌ஷன் பம்ப். எத்தனை சிலிண்டரோ அத்தனை சிறு பம்புகள் ஒரே வரிசையில் நிற்கும். ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1927-ஆம் ஆண்டு இந்த வகைப் பம்பைப் பெரிய அளவில் தயாரிக்கத் தொடங்கியது. கிட்டத்தட்ட நூறு ஆண்டு ஆகியும் அடிப்படை அமைப்பு பெரிதாக மாறவில்லை.

இந்தக் கட்டுரையில் சொல்லப்படும் சோதனைகள் அப்படிப்பட்ட இயந்திர வகை என்ஜின்களுக்கு மட்டுமே. காமன் ரெயில் லாரியில் இவற்றைச் செய்து பார்க்காதீர்கள். அங்கே டீசல் குழாயின் அழுத்தம் 1,000 பாரைத் தாண்டிப் போகும். குழாயின் நட்டைத் தளர்த்தினால் உயிருக்கே ஆபத்து.

லிஃப்ட் பம்ப் எதைத் தூக்குகிறது?

பெயரிலேயே பதில் இருக்கிறது. டீசல் டாங்கி லாரியின் சட்டகத்தோடு கீழே இருக்கும். என்ஜின் முன்னால், சற்று மேலே இருக்கும். டாங்கியிலிருந்து டீசலை உறிஞ்சி, மேலே தூக்கி, ஃபில்டர் வழியாக இஞ்ஜெக்‌ஷன் பம்புக்குக் கொடுப்பதுதான் இதன் வேலை.

வீட்டோடு ஒப்பிட்டால் எளிதாகப் புரியும். இஞ்ஜெக்‌ஷன் பம்ப் சமையல்காரர். எந்த நேரத்தில், எவ்வளவு என்று அளந்து பரிமாறுபவர். லிஃப்ட் பம்ப் கடையிலிருந்து அரிசி வாங்கி வருபவர். அரிசி வரவில்லை என்றால் சமையல்காரரைத் திட்டி என்ன பயன்?

டீசல் போகும் பாதையை வரிசையாக மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். டாங்கி, உறிஞ்சும் குழாய், தண்ணீர் பிரிப்பான், லிஃப்ட் பம்ப், ஃபில்டர், இஞ்ஜெக்‌ஷன் பம்ப், இஞ்ஜெக்டர். மிச்சமாகும் டீசல் ஓர் ஓவர்ஃப்ளோ வால்வு வழியாகத் திரும்பவும் டாங்கிக்கே போய்விடும். சில லாரிகளில் தண்ணீர் பிரிப்பான் இருக்கும் இடம் மாறலாம். மற்றபடி பாதை இதுதான்.

உள்ளே என்ன நடக்கிறது?

லிஃப்ட் பம்புக்கு மின்சாரம் தேவையில்லை. இஞ்ஜெக்‌ஷன் பம்பின் உள்ளே சுழலும் கேம் தண்டுதான் இதை இயக்குகிறது. உள்ளே இருப்பவை சில பாகங்கள்தாம்: உருளை வைத்த டேப்பட், ஒரு தள்ளுகோல், ஒரு பிஸ்டன், ஒரு ஸ்பிரிங், டீசலை ஒரு திசையில் மட்டும் விடும் 2 சிறு வால்வுகள். மேலே கையால் அடிக்கும் ஹேண்ட் பம்ப்.

கேம் தள்ளும்போது பிஸ்டன் நகர்ந்து ஸ்பிரிங்கை அழுத்துகிறது. அப்போது டீசல் ஒரு வால்வைத் தாண்டி பிஸ்டனின் பின்பக்கத்துக்குப் போய் நிற்கிறது. கேம் விலகியதும் ஸ்பிரிங் பிஸ்டனைத் திருப்பித் தள்ளுகிறது. அந்தத் தள்ளலில்தான் டீசல் ஃபில்டரை நோக்கிப் போகிறது. அதே நேரத்தில் மறுபக்கம் டாங்கியிலிருந்து புதிய டீசல் உறிஞ்சப்படுகிறது.

கவனித்தீர்களா? டீசலை ஃபில்டருக்கு அனுப்புவது கேம் இல்லை, ஸ்பிரிங். பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இது. என்ஜினை எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் ஸ்பிரிங்கின் பலத்துக்கு மேல் அழுத்தம் ஏறாது. எதிரே அழுத்தம் கூடினால் பிஸ்டன் முழுதாகத் திரும்பி வராது. பாதி தூரத்திலேயே நின்றுகொள்ளும். அதனால் பம்ப் தன்னைத்தானே கட்டுப்படுத்திக்கொள்கிறது.

இதனால் 2 விஷயங்கள் தெரிகின்றன. ஒன்று, ஸ்பிரிங் தளர்ந்தாலோ உடைந்தாலோ அழுத்தம் விழுந்துவிடும். இரண்டு, ஃபில்டர் அடைத்துக்கொண்டால் பம்ப் நன்றாக இருந்தும் டீசல் போகாது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டுமே "பம்ப் வேலை செய்யல" என்றுதான் தெரியும்.

அறிகுறிகள் என்ன சொல்கின்றன?

டீசல் பற்றாக்குறை பல விதமாகத் தலைகாட்டும்.

காலையில் ஸ்டார்ட் ஆக நேரமாகிறது, பிறகு நாள் முழுவதும் பிரச்சினை இல்லை: இரவில் குழாயிலிருந்த டீசல் டாங்கிக்கே திரும்பி இறங்கியிருக்கலாம். பம்பின் வால்வு சரியாக மூடவில்லை, அல்லது எங்கோ காற்று புகுகிறது.

ஸ்டார்ட் ஆகி ஒரு நிமிடத்தில் அணைந்துவிடுகிறது: ஃபில்டரில் மிச்சமிருந்த டீசல் தீர்ந்தது, புதிதாக வரவில்லை. உறிஞ்சும் பக்கத்தில் அடைப்போ காற்றோ இருக்கும்.

காலி வண்டி நன்றாக ஓடுகிறது, சரக்கு ஏற்றினால் மேட்டில் திணறுகிறது: தேவை கூடும்போது வரத்து போதவில்லை. காராக் நெடுஞ்சாலையில் கெந்திங் செம்பா ஏற்றத்திலோ, ஈப்போவைத் தாண்டி மெனோரா சுரங்கப்பாதைக்குப் போகும் ஏற்றத்திலோ இது நன்றாகவே தெரிந்துவிடும்.

என்ஜின் வேகம் ஏறி ஏறி இறங்குகிறது: குழாயில் காற்றுக் குமிழிகள் கலந்து போகின்றன.

என்ஜின் எண்ணெய் அளவு கூடிக்கொண்டே போகிறது: இது மிக ஆபத்தான அறிகுறி. இதைக் கீழே தனியாகப் பார்ப்போம்.

புகையின் நிறத்தையும் கேளுங்கள். கரும்புகை கக்கிக்கொண்டு வண்டி இழுக்கவில்லை என்றால், டீசல் பற்றாக்குறை காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. கரும்புகை என்றால் காற்றைவிட டீசல் அதிகம் என்று அர்த்தம். அப்போது முதலில் பார்க்க வேண்டியது ஏர் ஃபில்டரையும் இஞ்ஜெக்டரையும்தான். புகையே இல்லாமல், சத்தமும் அடங்கி, சக்தி மட்டும் குறைகிறது என்றால் டீசல் பாதையைச் சந்தேகிக்கலாம்.

தொடங்கும் முன்: பாதுகாப்பு

லாரியைச் சமதரையில் நிறுத்துங்கள். கை பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். கேபினைச் சாய்த்தால் அதன் பூட்டு விழுந்திருக்கிறதா என்று பார்க்காமல் கீழே தலையை நுழைக்காதீர்கள்.

என்ஜின் ஆறட்டும். பெட்ரோலைப் போல டீசல் உடனே தீப்பிடிக்காதுதான். ஆனால் சூடான புகைக்குழாய் மீது சிந்தினால் பற்றிக்கொள்ளும். தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். சிகரெட் வேண்டாம்.

இஞ்ஜெக்‌ஷன் பம்பிலிருந்து இஞ்ஜெக்டருக்குப் போகும் இரும்புக் குழாய்களில் என்ஜின் ஓடும்போது பல நூறு பார் அழுத்தம் இருக்கும். அதில் கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கவே கூடாது. மெல்லிய பீய்ச்சல்கூடத் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்திய அளவுக்குத்தான் காயம் தெரியும். வலியும் முதலில் அதிகம் இருக்காது. ஆனால் உள்ளே சதை அழுகத் தொடங்கிவிடும். அப்படி நேர்ந்தால் "நாளைக்குப் பார்க்கலாம்" என்று இருக்காமல் உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். டீசல் தோலுக்குள் போய்விட்டது என்று மருத்துவரிடம் தெளிவாகச் சொல்லவும் வேண்டும்.

முதல் கட்டம்: கருவி எதுவும் வேண்டாம்

பம்பைத் தொடும் முன் இவற்றைப் பார்த்துவிடுங்கள். பத்து நிமிட வேலை.

டாங்கியில் டீசல் இருக்கிறதா? சிரிக்க வேண்டாம். டீசல் மானி பொய் சொல்லும் லாரிகள் ஏராளம். ஒரு குச்சியை விட்டுப் பாருங்கள்.

டாங்கியின் மூடியைத் திறங்கள். "உஸ்" என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்கிறதா? அப்படியென்றால் டாங்கிக்குக் காற்று போகும் சிறு துளை அடைத்திருக்கிறது. டீசல் வெளியே போகப் போக உள்ளே வெற்றிடம் உண்டாகி, பம்பால் இழுக்க முடியாமல் போகிறது. மூடியைத் தளர்த்தி வைத்து ஓட்டிப் பார்த்தால் உடனே வித்தியாசம் தெரியும்.

ஆக்ஸிலரேட்டரை ஒருவர் முழுதாக மிதிக்கட்டும். இன்னொருவர் இஞ்ஜெக்‌ஷன் பம்பின் நெம்புகோல் கடைசிவரை போகிறதா என்று பார்க்கட்டும். கேபிள் தளர்ந்திருந்தால் லிஃப்ட் பம்ப் என்ன செய்யும்? என்ஜினை நிறுத்தும் நெம்புகோல் பாதியில் சிக்கியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

தண்ணீர் பிரிப்பானில் தண்ணீர் நிற்கிறதா? இருந்தால் வடித்துவிடுங்கள்.

ஃபில்டரைக் கடைசியாக எப்போது மாற்றினார்கள்? யாருக்கும் ஞாபகம் இல்லை என்றால் மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது.

லிஃப்ட் பம்பில் டீசல் நுழையும் இடத்தில் பல வண்டிகளில் ஒரு சிறிய கம்பிவலை இருக்கும். ஒரு போல்ட்டுக்குள்ளேயோ, அடியில் இருக்கும் சிறு கிண்ணத்திலேயோ ஒளிந்திருக்கும். ஃபில்டரை ஒழுங்காக மாற்றுபவர்கள்கூட இதை மறந்துவிடுவார்கள். ஆண்டுக்கணக்கில் சேர்ந்த துருவும் பாசியும் இங்கேதான் அடைத்துக்கொள்ளும். கழற்றி, சுத்தமான டீசலில் கழுவிப் போட்டாலே சில வண்டிகள் சரியாகிவிடும்.

இரண்டாம் கட்டம்: காற்று எங்கே புகுகிறது?

"மாசுக் அங்ஙின்" என்று நம்மூர் மெக்கானிக்குகள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். டீசல் பாதைக்குள் காற்று புகுந்துவிட்டது என்று அர்த்தம். டீசலை அழுத்தினால் அது சுருங்காது. காற்று சுருங்கிவிடும். குமிழி உள்ளே இருந்தால் பம்ப் தள்ளும் தள்ளல் எல்லாம் அந்தக் குமிழியைச் சுருக்குவதிலேயே வீணாகும்.

ஒன்றை மட்டும் நினைவில் வைத்தால் பாதி வேலை முடிந்தது. லிஃப்ட் பம்புக்குப் பிறகு வரும் பக்கத்தில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே சொட்டும். பம்புக்கு முன்னால், அதாவது டாங்கிப் பக்கத்தில் ஓட்டை இருந்தால், என்ஜின் ஓடும்போது டீசல் வெளியே வராது. காற்றுதான் உள்ளே போகும். தரை காய்ந்திருக்கும், குழாயும் காய்ந்திருக்கும். "எங்கேயும் லீக் இல்லையே" என்று எல்லோரும் குழம்புவது இதனால்தான்.

கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. பம்புக்குள் டீசல் நுழையும் இடத்தில், டீசலைத் தாங்கும் ஒரு துண்டு கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் குழாயைத் தற்காலிகமாக இணைக்க வேண்டும். என்ஜினை ஓட விட்டு அந்தக் குழாயைப் பாருங்கள். டீசல் தெளிவாக ஓடினால் டாங்கிப் பக்கம் காற்றுப் புகவில்லை. குமிழிகள் வரிசையாக வந்தால் காற்றுப் புகுகிறது. போனில் ஒரு வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். பட்டறையில் வாக்குவாதம் வராமல் இருக்க உதவும்.

காற்று புகும் வழக்கமான இடங்கள்: வெடித்த ரப்பர் குழாய், தளர்ந்த கிளிப், திரும்பத் திரும்பப் பயன்படுத்தித் தட்டையாகிப்போன செப்பு வாஷர், தண்ணீர் பிரிப்பானின் ரப்பர் வளையம், ஹேண்ட் பம்பின் உள் வளையம். இவற்றில் பெரும்பாலானவை மிகக் குறைந்த செலவில் மாற்றக்கூடியவை.

மூன்றாம் கட்டம்: தனி டப்பா சோதனை

பம்பா, டாங்கிப் பக்கமா என்ற கேள்விக்கு ஒரே அடியில் பதில் சொல்லும் சோதனை இது.

ஒரு சுத்தமான டப்பாவில் நல்ல டீசலை எடுத்துக்கொள்ளுங்கள். பம்புக்குள் வரும் பழைய குழாயைக் கழற்றி மூடிவிட்டு, புதிய ஒரு குட்டைக் குழாயைப் பம்பிலிருந்து நேராக அந்த டப்பாவுக்குள் விடுங்கள். டப்பாவைப் பம்பின் உயரத்துக்குச் சற்றுக் கீழே, சூடான பாகங்களுக்கு எட்டாத இடத்தில் தரையில் வையுங்கள். காற்றை எடுத்துவிட்டு, லாரி நின்ற இடத்திலேயே என்ஜினை ஓட்டிப் பாருங்கள்.

பிரச்சினை மறைந்துவிட்டதா? பம்ப் நல்ல பம்ப். கோளாறு டாங்கியிலோ, டாங்கியின் உள்ளே இருக்கும் உறிஞ்சு குழாயிலோ, இடையில் வரும் குழாயிலோ இருக்கிறது.

பிரச்சினை அப்படியே இருக்கிறதா? இப்போது பம்பையும் அதற்குப் பின்னால் வருபவற்றையும் சந்தேகிக்கலாம்.

இதை நிறுத்தி வைத்து மட்டுமே செய்ய வேண்டும். டப்பாவைக் கேபினுக்குள் கட்டிவைத்துக்கொண்டு "எப்படியோ வீடு போய்ச் சேரலாம்" என்று சாலையில் ஓட்டுவது உயிரோடு விளையாடுவது.

நான்காம் கட்டம்: பம்பையே சோதித்தல்

முதலில் ஹேண்ட் பம்ப். அதன் குமிழைச் சுற்றித் தளர்த்தி, மேலும் கீழும் அடித்துப் பாருங்கள். ஃபில்டரின் மேல் இருக்கும் காற்றுத் திருகைச் சற்றுத் திறந்து வைத்தால், முதலில் நுரையும் பிறகு தெளிந்த டீசலும் வர வேண்டும். திருகை மூடியதும் கையில் இறுக்கம் தெரிய வேண்டும்.

எத்தனை முறை அடித்தாலும் இறுக்கமே வரவில்லை என்றால் காற்று புகுகிறது, அல்லது பம்பின் வால்வுகள் சரியாக மூடவில்லை. மேலே இழுக்கவே கஷ்டமாக இருந்தால் டாங்கிப் பக்கம் அடைப்பு. கீழே தள்ளக் கஷ்டமாக இருந்தால் ஃபில்டர் பக்கம் அடைப்பு.

ஒன்றைக் கவனியுங்கள். ஹேண்ட் பம்ப் நன்றாக அடிக்கிறது என்பதற்காக லிஃப்ட் பம்ப் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. இரண்டுக்கும் வால்வுகள் பொது. ஆனால் பிஸ்டன், ஸ்பிரிங், தள்ளுகோல் எல்லாம் வேறு. ஹேண்ட் பம்ப் நன்றாக அடித்து, என்ஜின் சுற்றும்போது மட்டும் டீசல் வரவில்லை என்றால், தேய்ந்த தள்ளுகோலோ, சிக்கிய பிஸ்டனோ, உடைந்த ஸ்பிரிங்கோ காரணமாக இருக்கலாம்.

அடுத்தது அளவு. பம்பிலிருந்து வெளியே போகும் குழாயைக் கழற்றி, ஒரு பாத்திரத்துக்குள் விட்டு, ஸ்டார்ட்டரைச் சில விநாடிகள் சுற்றச் சொல்லுங்கள். டீசல் விட்டு விட்டு, நல்ல வேகத்தோடு பீய்ச்ச வேண்டும். ஒழுகினால் போதாது. எவ்வளவு நேரத்தில் எத்தனை மில்லிலிட்டர் வர வேண்டும் என்பது அந்தந்த என்ஜினின் பழுதுபார்ப்புக் கையேட்டில் இருக்கும்.

கடைசியாக அழுத்தம். பட்டறையில் ஓர் அழுத்தமானியைப் பம்புக்கும் ஃபில்டருக்கும் இடையிலும், பிறகு ஃபில்டருக்குப் பின்னாலும் இணைத்துப் பார்க்க வேண்டும். இன்லைன் முறையில் பொதுவாக 1 முதல் 2.5 பார் வரை அழுத்தம் இருக்கும். சரியான எண்ணுக்கு உங்கள் என்ஜினின் கையேடுதான் கணக்கு.

ஃபில்டருக்கு முன்னால் நல்ல அழுத்தம், பின்னால் குறைவு: ஃபில்டர் அடைப்பு.

இரண்டு இடத்திலும் குறைவு: பம்ப் பலவீனம், அல்லது ஓவர்ஃப்ளோ வால்வு திறந்தபடியே சிக்கிவிட்டது. அந்த வால்வின் ஸ்பிரிங் தளர்ந்தால் டீசல் எல்லாம் இஞ்ஜெக்டருக்குப் போகாமல் டாங்கிக்கே ஓடிவிடும். அதனால் பம்பை மாற்றும் முன் இந்தச் சின்ன வால்வைக் கழற்றிப் பார்ப்பது நல்லது.

இரண்டு இடத்திலும் சரியான அழுத்தம், சரக்கோடு ஓட்டும்போதும் விழவில்லை: லிஃப்ட் பம்ப் மீது தவறில்லை. இப்போது இஞ்ஜெக்‌ஷன் பம்பைப் பற்றிப் பேசலாம்.

எண்ணெய் அளவு கூடினால் ஏன் பயப்பட வேண்டும்?

லிஃப்ட் பம்பின் தள்ளுகோல் தேய்ந்தால், அதைச் சுற்றியிருக்கும் இடைவெளி வழியாக டீசல் இஞ்ஜெக்‌ஷன் பம்பின் கேம் அறைக்குள் இறங்கும். சில பம்புகள் என்ஜின் எண்ணெயையே பகிர்ந்துகொள்கின்றன. அப்படியானால் டீசல் நேராக என்ஜின் எண்ணெயில் கலந்துவிடும். வேறு சில என்ஜின்களில் பிஸ்டனுக்குப் பதிலாக ரப்பர் சவ்வு வைத்த லிஃப்ட் பம்ப் இருக்கும். அந்தச் சவ்வு கிழிந்தாலும் இதே கதைதான்.

டீசல் கலந்த எண்ணெய் தண்ணீர்போல் இளகிவிடும். பேரிங்குகளைக் காப்பாற்றும் பலம் அதற்கு இருக்காது. அளவு மிகவும் கூடினால், என்ஜின் தன் எண்ணெயையே உறிஞ்சி எரிக்கத் தொடங்கலாம். அப்போது சாவியைத் திருப்பினாலும் என்ஜின் நிற்காமல் வேகம் ஏறிக்கொண்டே போகும் அபாயம் இருக்கிறது.

அதனால் எண்ணெய்க் கோலைத் தினமும் பாருங்கள். அளவு குறைகிறதா என்று மட்டும் பார்க்கும் பழக்கம் போதாது. கூடுகிறதா என்றும் பார்க்க வேண்டும். டீசல் வாடை அடித்து, அளவு மேல்கோட்டைத் தாண்டியிருந்தால் என்ஜினை ஸ்டார்ட் செய்யாதீர்கள். பம்பைச் சரிசெய்து, எண்ணெயையும் எண்ணெய் ஃபில்டரையும் மாற்றிய பிறகுதான் எடுக்க வேண்டும்.

பயோடீசலுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

மலேசியாவில் 2019 முதல் போக்குவரத்துத் துறைக்கு பி10 டீசல் நடப்புக்கு வந்தது. அதாவது 10 விழுக்காடு செம்பனை எண்ணெயிலிருந்து தயாராகும் பயோடீசல். லங்காவி, லாபுவான் போன்ற இடங்களில் பி20 அறிமுகமானது.

பயோடீசல் என்ஜினைக் கெடுக்கும் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது சரியில்லை. ஆனால் 2 குணங்களைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

முதலாவது, அது நல்ல கழுவியும்கூட. பழைய டாங்கியில் ஒட்டிக்கிடந்த கசடைக் கரைத்துவிடும். அந்தக் கசடு எங்கே போகும்? கம்பிவலைக்கும் ஃபில்டருக்கும்தான். சில பழைய வகை ரப்பர்களையும் அது இளக்கிவிடும். பழைய லாரியின் ரப்பர் குழாய்களை மாற்றும்போது பயோடீசலைத் தாங்கும் வகையாகக் கேட்டு வாங்குவது நல்லது.

இரண்டாவது, அது சாதாரண டீசலைவிட ஈரத்தை அதிகம் ஈர்க்கும். நம்மூர் வெப்பத்திலும் ஈரக்காற்றிலும் பல வாரம் நிறுத்தி வைத்த லாரியின் டாங்கியில் தண்ணீர் சேரும். தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து வழவழப்பான கசடாக மாறும். நிறுத்தி வைக்கும் லாரியின் டாங்கியை நிரப்பி வைத்தால் உள்ளே ஈரக்காற்றுக்கு இடம் குறையும்.

பம்பை மாற்றியாகிவிட்டது. அடுத்து?

புதிய கேஸ்கெட், புதிய செப்பு வாஷர். பழையதைத் திருப்பிப் போட்டால் மறுபடியும் காற்று புகும், மறுபடியும் பட்டறை.

பிறகு காற்றை வெளியேற்ற வேண்டும். வரிசை முக்கியம். முதலில் ஃபில்டரின் திருகைத் தளர்த்தி, குமிழி இல்லாமல் டீசல் வரும்வரை ஹேண்ட் பம்பை அடியுங்கள். திருகை இறுக்குங்கள். அடுத்து இஞ்ஜெக்‌ஷன் பம்பின் திருகில் அதையே செய்யுங்கள். கடைசியில் ஹேண்ட் பம்பின் குமிழை அழுத்திச் சுற்றிப் பூட்ட மறக்காதீர்கள். அது திறந்திருந்தாலும் காற்று புகும், டீசலும் கசியும்.

ஸ்டார்ட்டரை நீண்ட நேரம் விடாமல் சுற்றாதீர்கள். 15 விநாடிக்கு மேல் போகாமல், இடையில் ஆறவிட்டுச் சுற்றுங்கள். ஈதர் ஸ்பிரே அடித்து ஸ்டார்ட் பண்ணும் பழக்கம் வேண்டாம். ஹீட்டர் பிளக் வைத்த என்ஜினில் அது வெடிக்கக்கூடும்.

வடித்த டீசலையும் பழைய எண்ணெயையும் சாக்கடையில் ஊற்றக்கூடாது. அது சுற்றுச்சூழல் சட்டப்படி குற்றம். அதைவிட, சாலையில் சிந்திய டீசல் பின்னால் வரும் மோட்டார்சைக்கிளோட்டியைக் கீழே தள்ளிவிடும். சிந்தினால் மணலோ மரத்தூளோ போட்டு அள்ளிவிடுங்கள்.

நெடுஞ்சாலையில் நின்றுவிட்டால்?

மேலே சொன்ன எந்தச் சோதனையையும் அவசரத் தடத்தில் செய்ய வேண்டாம். வேகம் குறையத் தொடங்கும்போதே சிக்னல் போட்டு, முடிந்தால் அடுத்த ஓய்விடத்துக்குள் நுழைந்துவிடுங்கள். முடியவில்லை என்றால் அபாய விளக்கைப் போட்டு, எச்சரிக்கை முக்கோணத்தை நன்கு பின்னால் தள்ளி வையுங்கள். பிறகு சாலைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் நின்று நெடுஞ்சாலை உதவிச் சேவையைக் கூப்பிடுங்கள். கேபினுக்குள் உட்கார்ந்து காத்திருக்கக்கூடாது. நின்ற லாரியின் பின்னால் வந்து மோதும் விபத்துகள் எப்படி முடியும் என்று நமக்குத் தெரியும்.

பட்டறையில் என்ன சொல்ல வேண்டும்?

உங்கள் அப்பாவோ மாமாவோ லாரி ஓட்டுபவராக இருந்தால், நீங்கள் செய்யக்கூடிய உதவி ஒன்று உண்டு. "வண்டி இழுக்கல" என்று மட்டும் சொல்லாமல், கீழே உள்ளவற்றை அவர் போனில் குறித்துக் கொடுங்கள்.

எப்போது வருகிறது? காலையிலா, மேட்டிலா, சரக்கு ஏற்றினால் மட்டுமா?
புகை இருக்கிறதா? என்ன நிறம்?
ஃபில்டர் கடைசியாக மாற்றிய தேதி என்ன?
டாங்கி மூடியைத் தளர்த்தினால் மாற்றம் தெரிகிறதா?
ஹேண்ட் பம்ப் அடித்தால் சற்று நேரம் சரியாகிறதா?
எண்ணெய்க் கோலில் அளவு கூடியிருக்கிறதா?

இஞ்ஜெக்‌ஷன் பம்பைக் கழற்ற வேண்டும் என்று மெக்கானிக் சொன்னால், ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: "அண்ணே, ஃபீட் பம்ப் பிரஷர் எவ்வளவுன்னு பார்த்தீங்களா?"

நல்ல மெக்கானிக் அந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார். எண்ணைச் சொல்லுவார். சொல்ல எண் இல்லை என்றால், இன்னும் யாரும் அளந்து பார்க்கவில்லை என்று அர்த்தம். மாற்றிய பாகம் எதுவானாலும் பழையதைக் கையில் வாங்கிப் பாருங்கள்.

பயணத்துக்கு இவ்வளவு என்று சம்பளம் வாங்கும் ஓட்டுநருக்கு, லாரி பட்டறையில் நிற்கும் ஒவ்வொரு நாளும் வீட்டில் தெரியும். தேவையில்லாத பழுதுபார்ப்புக்காக அந்த நாள்கள் வீணாகக்கூடாது. முதலில் டாங்கி மூடி, பிறகு கம்பிவலை, ஃபில்டர், குழாய், லிஃப்ட் பம்ப். இஞ்ஜெக்‌ஷன் பம்ப் எப்போதும் கடைசி.